ஃபெட், ஜியோஜீப்ரா, ஸ்கிராட்ச்: பிள்ளைகளோடு சில வருட அனுபவம்

பிள்ளைகளுக்கு இணையத்தில் படிக்க எதைக் காட்டலாம் என்று கேட்கிறவர்களிடம் நான் சொல்வது இதுதான். பிள்ளை தன் கையால் எதையாவது மாற்ற முடிகிறதா, மாற்றினால் என்ன ஆகிறது என்று பார்க்க முடிகிறதா? இரண்டும் இருந்தால் தயங்காமல் கொடுங்கள். கேள்வி கேட்டு, நட்சத்திரம் கொடுத்து, கைதட்டல் ஒலி எழுப்பும் செயலிகள் எங்கள் வீட்டில் நிலைக்கவே இல்லை. காசு கட்டி வாங்கிய ஒன்றில், மகன் கேள்வியைப் படிக்காமலே நான்கு விடைகளையும் வரிசையாகத் தட்டி நாணயம் சேர்க்கப் பழகிவிட்டான். அன்றே அதை நீக்கிவிட்டேன்.

மகள் எட்டாம் வகுப்பு, மகன் நான்காம் வகுப்பு, இருவரும் தமிழ்வழி. சில வருடங்களாக இவர்கள் திரும்பத் திரும்பத் திறப்பது மூன்றைத்தான். மூன்றும் இலவசம்.

முதலாவது ஃபெட். நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. அறிவியலுக்கும் கணக்குக்கும் நிறைய சிமுலேஷன்கள், அதாவது திரையிலேயே மாற்றி மாற்றிச் செய்து பார்க்கும் சோதனைகள், இந்த இணையதளத்தில் இருக்கின்றன. பலவற்றைத் தமிழிலேயே திறக்கலாம். எங்கள் வீட்டில் அதிகம் ஓடியது மின்சுற்று அமைக்கும் சிமுலேஷன். பேட்டரி, ஒயர், பல்பு, சுவிட்ச் எல்லாவற்றையும் இழுத்துப்போட்டு இணைக்க வேண்டும். ஒயருக்குள் எலக்ட்ரான்கள் நீல உருண்டைகளாக ஓடும்.

சுவிட்சைப் போடும் முன் என்ன நடக்கும் என்று ஊகித்து நோட்டில் எழுத வேண்டும், அப்புறம்தான் கை வைக்க வேண்டும். வீட்டில் நான் வைத்திருக்கும் ஒரே விதி இது. பேட்டரியிலிருந்து உருண்டை கிளம்பிப் பல்புக்கு வந்து சேர்ந்த பிறகுதான் வெளிச்சம் வரும் என்று மகள் எழுதியிருந்தாள். சுவிட்சைப் போட்டதும் சுற்று முழுக்க உருண்டைகள் ஒரே நேரத்தில் நகர்ந்தன, பல்பும் உடனே எரிந்தது. உண்மையான ஒயரில் எலக்ட்ரான்கள் நொடிக்கு ஒரு மில்லிமீட்டர்கூட நகர்வதில்லை, ஆனாலும் விளக்கு ஏன் உடனே எரிகிறது என்பதை அதற்குப் பிறகு நான் தனியாக விளக்க வேண்டியிருக்கவில்லை. ஒயர் முழுக்க எலக்ட்ரான்கள் ஏற்கெனவே நிறைந்திருக்கின்றன என்று அவளே சொன்னாள்.

மகன் பிடித்துக்கொண்டது வேறு. இரண்டு பல்புகளை ஒன்றன்பின் ஒன்றாக இணைத்தால் மங்குகின்றன, ஒன்றைக் கழற்றினால் இரண்டுமே அணைகின்றன. ஒவ்வொரு பல்புக்கும் தனிப் பாதை கொடுக்கும் பக்க இணைப்பில் ஒன்றைக் கழற்றினாலும் மற்றது எரிகிறது. கோயில் திருவிழாவில் கட்டும் சீரியல் செட்டில் ஒரு துண்டு மட்டும் மொத்தமாக அணைந்து கிடப்பதைப் பார்த்திருக்கிறான். அதுவும் இதுவும் ஒன்றா என்று அவனாகவே கேட்டான். இந்தக் கேள்விக்காகத்தான் இவ்வளவும் செய்கிறோம் என்று எனக்குப் பட்டது. பேட்டரியின் இரு முனைகளையும் வெறும் ஒயரால் இணைத்தால் திரையில் தீப்பற்றும். பிள்ளைகளுக்கு அது கொண்டாட்டம். பக்கத்தில் இருந்து ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும்: வீட்டில் கைகளால் செய்து பார்ப்பதென்றால் டார்ச் செல்லோடு மட்டும், அதுவும் பெரியவர்கள் இருக்கும்போது. சுவர் பிளக் பக்கமே போகக் கூடாது.

அடுத்தது ஜியோஜீப்ரா, வடிவங்களை வரைந்து இழுத்துப் பார்க்கும் கணக்கு மென்பொருள். சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் 2001இல் மார்க்குஸ் ஹோகன்வார்ட்டர் தொடங்கியது. நம் பாடநூல் கணக்குப் புத்தகங்களில் ‘இணையச் செயல்பாடு’ என்று ஒரு பெட்டி வரும் இல்லையா, அதிலுள்ள கியூஆர் குறியீடு பெரும்பாலும் இங்கேதான் கொண்டுபோகும். நிறையப் பேர் அந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போகிறார்கள். எனக்கு அது வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் புத்தகத்திலேயே கிடைக்கும் நல்ல சரக்கு அது. முக்கோணத்தின் ஒரு முனையைப் பிடித்து இழுத்தால் மூன்று கோணங்களும் மாறும், கூட்டுத்தொகை மட்டும் 180 பாகையில் நிற்கும். மகள் திரையில் இருந்த கோணங்களைத் தாளில் கூட்டிப் பார்த்தாள். ஒருமுறை 180.01 வந்துவிட்டது. கணினி தப்பு என்று அடித்துச் சொன்னாள். இரண்டு தசம இடத்துக்கு முழுமையாக்குவதால் வரும் வித்தியாசம் அது என்று கண்டுபிடிக்க அன்று சாயங்காலம் முழுக்க ஆயிற்று. அதற்கு முன் முழுமையாக்கல் என்பது அவளுக்குப் பரீட்சைக்கான ஒரு விதி மட்டும்தான்.

மூன்றாவது ஸ்கிராட்ச், அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்து மீடியா லேப் 2007இல் வெளியிட்டது. கட்டளைத் துண்டுகளை அடுக்கி நிரல் எழுதலாம். நகரும் வழியில் கோடு போடும் பேனா வசதியைச் சேர்த்துவிட்டு மகளைச் சதுரம் வரையச் சொன்னேன்: நகர், 90 பாகை திரும்பு, நான்கு தடவை. சரியாக வந்தது. சமபக்க முக்கோணத்துக்கு 60 பாகை கொடுத்து மூன்று தடவை ஓட்டினாள். வந்தது பாதி அறுகோணம்! திருப்ப வேண்டியது உட்கோணம் அல்ல, வெளிக்கோணம், அதாவது 120. எழுந்து நின்று கூடத்தில் தானே நடந்து, திரும்பிப் பார்த்து அதைப் பிடித்தாள்.

மகனுக்குத் தமிழ் வாசிப்புக்கு மட்டும் பிரதம் புக்ஸ் பதிப்பகத்தின் ஸ்டோரிவீவர் இணையதளம். படக்கதைகள், நிலை வாரியாகப் பிரித்திருக்கிறார்கள், பதிவிறக்கவும் முடியும்.

குறைகளும் உண்டு. கைபேசியின் சின்னத் திரையில் ஒயரை இணைப்பதற்குள் பிள்ளைக்கு எரிச்சல் வந்துவிடும், பழைய மடிக்கணினியாக இருந்தாலும் அதுவே மேல். எல்லாச் சிமுலேஷனும் தமிழில் இல்லை, ஆங்கிலச் சொற்களை நாம்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும். இதனால் மதிப்பெண் ஏறிவிடும் என்று நம்பி உட்காராதீர்கள். வாய்ப்பாடும் கையால் போடும் கணக்கும் எங்கள் வீட்டில் தனியாக நடக்கின்றன. பிள்ளையைத் தனியே விட்டுவிட்டு நாம் சமையலறைக்குப் போய்விட்டால் கொஞ்ச நேரத்தில் எல்லாவற்றையும் தாறுமாறாக இழுத்துப்போட்டு விளையாடுவதோடு முடிந்துவிடுகிறது. அரைமணி நேரம் போதும், ஆனால் அந்த அரைமணி பக்கத்தில் உட்கார வேண்டும்.

சின்னப் பிள்ளையோடு தொடங்குகிறவர்கள் ஃபெட்டில் சீசா பலகையைச் சமநிலைப்படுத்தும் சிமுலேஷனை எடுக்கலாம். 5 கிலோ செங்கல்லை நடுவிலிருந்து 2 மீட்டரில் வைத்துவிட்டு, 10 கிலோவை எங்கே வைப்பாய் என்று கேளுங்கள். ஃபெட்டின் புதிய சிமுலேஷன்களைக் கோப்பாக இறக்கி வைத்துக்கொண்டால் பிரவுசரில் இணையம் இல்லாமலே ஓடும். டேட்டா தீர்ந்த நாளில் எங்களுக்குக் கைகொடுப்பது அதுதான்.