எஃப் 3 வந்தால் சென்சார் போச்சு என்று யார் சொன்னது?

எங்கள் வீட்டுக்கு இந்த மின்சார ஓவன் வந்து ஒன்பது வருடம் ஆகிறது. வழக்கமாக வாரத்துக்கு மூன்று நான்கு தடவையாவது ஓடும். இத்தனை வருடத்தில் திரையில் நான் பார்த்த எரர் கோடுகள் (என்ன கோளாறு என்று சொல்லும் குறியீடுகள்) மூன்று. கோடே காட்டாமல் வீட்டு மின்சாரத்தையே அணைத்துவிட்ட சம்பவம் ஒன்று. இதில் நான் அதிகம் பாடுபட்டது முதல் தடவைதான், பணம் வீணானதும் அதில்தான். அதனால் அதை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

மூன்றாவது வருடம். ஓவன் சூடாகி இருபது நிமிடம் ஆனதும் கீச் கீச்சென்று கத்த ஆரம்பித்தது. “அப்பா, ஓவன் கத்திக்கிட்டே இருக்கு” என்று மகள் கூப்பிட, போய்ப் பார்த்தால் திரையில் எஃப் 3. அணைத்துப் போட்டேன். ஆறியதும் ஒன்றுமே நடக்காதது போல வேலை செய்தது. மறுநாள் சூடானதும் மறுபடி அதே கத்தல்.

கையேட்டைப் புரட்டினால், எஃப் 3 என்றால் வெப்பச் சென்சாரின் சர்க்யூட் அறுந்திருக்கிறது என்று போட்டிருந்தது. (எல்லா ஓவனுக்கும் இது பொருந்தாது. அதே எண் இன்னொரு கம்பெனியில் வேறு எதையாவது குறிக்கும், ஒரே கம்பெனியிலேயே மாடலுக்கு மாடல் மாறுவதும் உண்டு. உங்கள் மாடலின் கையேடுதான் கணக்கு.) நான் “சென்சார்” என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டேன், அதற்குப் பக்கத்திலேயே இருந்த “சர்க்யூட்” கண்ணில் படவில்லை. புதுச் சென்சார் வாங்கி மாட்டினேன். நான்கு நாள் நன்றாக ஓடியது. ஐந்தாம் நாள் எஃப் 3.

அதற்கு அப்புறம்தான் மின்தடையை அளக்கும் மல்டிமீட்டரை எடுத்தேன். முதலிலேயே எடுத்திருக்க வேண்டியது.

பல ஓவன்களில் இருப்பதைப் போல இதிலும் உள்ளே இருப்பது பிளாட்டினம் சென்சார், பிடி 1000 என்பார்கள். 0 டிகிரி செல்சியஸில் அதன் மின்தடை 1000 ஓம் காட்டும். சூடு ஏற ஏற மின்தடையும் ஏறும், டிகிரிக்கு ஏறக்குறைய நான்கு ஓம். 100 டிகிரியில் 1385, 180 டிகிரியில் 1685 என்று போகும். இதைத் தெரிந்துகொண்டால் சென்சாரைச் சோதிப்பது சுலபம். கழற்றி வைத்திருந்த பழைய சென்சாரை மேசையில் வைத்து அளந்தேன். அறை வெப்பம் 30 டிகிரி, மீட்டரில் 1117. அப்புறம் அதன் உலோக முனையை மட்டும் கொதிக்கும் நீரில் பிடித்தேன். எண் மெல்ல ஏறி 1380-ஐத் தாண்டி நின்றது. அதாவது நான் தூக்கி எறிய இருந்த சென்சாருக்கு ஒரு குறையும் இல்லை! எல்லா ஓவனிலும் இதே சென்சார் இருக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். சிலவற்றில் இதில் பாதி அளவு காட்டும் வகை இருக்கும், வேறு சிலவற்றில் சூடு ஏறினால் மின்தடை இறங்கும் வகை. அளப்பதற்கு முன்னால் எது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்து ஓவனுக்குப் போகும் பிரேக்கரை அணைத்துவிட்டு மேல் பேனலைக் கழற்றினேன். ஓவனை இயக்கும் கன்ட்ரோல் போர்டில் சென்சார் வயர் வந்து சேரும் பிளக்கைப் பிடுங்கி, அங்கிருந்து அளந்தேன். 1117. சரி, நல்லதுதான் என்று நினைத்தபடி ஓவனின் பின்பக்கம் கையை விட்டு வயரை லேசாக ஆட்டினேன். 1150. இன்னும் கொஞ்சம் ஆட்டினால் 1190. அப்புறம் எண்ணே இல்லை, மீட்டர் ‘அறுந்திருக்கிறது’ என்று காட்டியது. குற்றவாளி பின்சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த கனெக்டர். சென்சாரின் வயரும் போர்டிலிருந்து வரும் வயரும் கூடும் இடம் அது. வயர் பக்கத்து முனை ஒன்று சூட்டில் பழுப்பேறி, பிடிமானம் போய்த் தொளதொளவென்று கிடந்தது. புதுச் சென்சார் மாட்டும்போது நான் அதைக் கழற்றிச் செருகியதில் துரு கொஞ்சம் உரசிப் போயிருக்கிறது, நான்கு நாள் ஓடியதன் ரகசியம் அதுதான்.

இதில் எனக்கு உறைத்த இன்னொரு விஷயம், ஓவன் இரண்டு மாதமாகவே சொல்லிக்கொண்டுதான் இருந்தது. கோடு வருவதற்கு முன்பே, வழக்கமான நேரம் வைத்தாலும் உள்ளே வேகும் பண்டத்தின் மேற்பரப்பு நிறம் ஏறாமல் வெளிறியே வந்தது. நான் கதவு ரப்பரைச் சந்தேகப்பட்டேன். காரணம் கணக்குப் போட்டால் தெரிகிறது. கனெக்டரில் 40 ஓம் கூடுதலாகச் சேர்ந்தால், உள்ளே இருப்பதைவிட 10 டிகிரி அதிகம் சூடு இருப்பதாகப் போர்டு நம்பி, சூடாக்கும் எலிமென்டை முன்கூட்டியே அணைத்துவிடும். தொடர்பு முழுக்க அறுந்தால்தான் எஃப் 3. பாதி அறுந்த நிலைக்குக் கோடு கிடையாது.

சரிசெய்தது பெரிய வேலை இல்லை. பழைய முனைகளை வெட்டிவிட்டு, சூடு தாங்கும் முனைகளைக் கிரிம்ப் செய்து (வயரோடு சேர்த்து நசுக்கி இறுக்கி) பீங்கான் கனெக்டரில் பொருத்தினேன். இந்த இடத்தில் இன்சுலேஷன் டேப் சுற்றுவதோ சாதாரண ஈயப் பற்று வைப்பதோ வேண்டாம். வழக்கமான ஈய-வெள்ளீயப் பற்று 183 டிகிரியிலேயே உருகிவிடும், சாதாரண பிவிசி வயரோ அதற்கு ரொம்ப முன்பே இளகிவிடும். கண்ணாடி இழை அல்லது சிலிக்கான் உறை போட்ட வயர்தான் அங்கே சரி. ஒரு சின்ன உபாயமும் சொல்லிவிடுகிறேன். ஓவனுக்கு உள்ளிருந்து திருகாணிகளைக் கழற்றிச் சென்சாரை முன்பக்கம் இழுக்கும்போது, பின்னால் வரும் வயரில் ஒரு துணிக் கிளிப்பைப் போட்டுவிடுங்கள். இல்லையென்றால் அது துளைக்குள் நழுவிவிடும், அப்புறம் ஓவனையே அலமாரியிலிருந்து வெளியே இழுக்க வேண்டியதுதான். அனுபவம் பேசுகிறது.

ஐந்தாம் வருடம் எஃப் 7. ஏதோ ஒரு பட்டன் அழுந்தியே இருக்கிறது என்று அர்த்தம். யாரும் தொடவே இல்லை. சுத்தம் செய்யும் திரவத்தை நான் நேராகப் பேனல் மேலேயே தெளித்துத் துடைத்திருந்தேன், ஈரம் ஓரமாக இறங்கிவிட்டது. பிரேக்கரை அணைத்து ஒரு இரவு காயவிட்டதும் போய்விட்டது. இரண்டு மாதம் கழித்துத் திரும்பி வந்தது. அந்தத் தடவை பட்டன் பேனலிலிருந்து போர்டுக்கு வரும் ரிப்பன் கேபிளைக் கழற்றிவிட்டு மின்சாரம் கொடுத்துப் பார்த்தேன். என் மாடலில் கோடு வரவில்லை, அதனால் போர்டு நன்றாக இருக்கிறது, பேனல்தான் கெட்டது என்று முடிவு செய்து பேனலை மட்டும் மாற்றினேன். இப்போதெல்லாம் திரவத்தைத் துணியில் தெளித்துத்தான் துடைப்பது.

கோடே காட்டாத கதைக்கு வருகிறேன். மழைக்காலத்தில் சில மாதம் ஓவனைத் தொடவில்லை. திரும்பவும் போட்டதும் கசிவு மின்சாரத்துக்கான பிரேக்கர் டக்கென்று விழுந்தது. திரை இருண்டுவிட்டதால் ஓவன் எதையும் சொல்ல வழியில்லை. எலிமென்டின் இரு முனைகளை அளந்தால் 26 ஓம், 230 வோல்ட்டில் 2000 வாட் எலிமென்டுக்கு அதுதான் சரியான எண். அளவு சரியாக இருக்க, பிரேக்கர் ஏன் விழுகிறது என்று அரை நாள் மண்டையைக் குடைந்தேன். வந்த டெக்னீஷியன் அதிக வோல்ட்டில் கசிவைச் சோதிக்கும் இன்சுலேஷன் டெஸ்டர் வைத்து முனைக்கும் வெளிக்குழாய்க்கும் இடையே அளந்தார், கசிவு அங்கே தெரிந்தது. எலிமென்டுக்குள் கம்பியைச் சுற்றி அடைத்திருக்கும் மக்னீசியம் ஆக்சைடு தூள் ஈரத்தை இழுத்துக்கொள்ளுமாம், மல்டிமீட்டரின் சின்ன பேட்டரிக்கு அது பிடிபடாது. சில நேரம் மெல்லச் சூடாக்கிக் காயவைத்தாலே சரியாகிவிடும். என்னுடையதில் குழாயில் மெல்லிய விரிசலும் இருந்ததால் மாற்றிவிட்டோம்.

ஏழாம் வருடம் வந்த எஃப் 2-தான் என்னைப் பயமுறுத்தியது. அளவுக்கு மீறிய வெப்பம். 180 வைத்திருந்தேன், கதவுக் கண்ணாடிக்கு முன்னால் நிற்கவே முடியவில்லை. அணைத்தேன். திரையில் அணைந்தது, ஆனால் உள்ளே எலிமென்ட் சிவந்தபடியே இருந்தது! சென்சார் தப்பாகச் சொன்னதால் வந்த சூடாக இருந்தால் அணைத்ததும் எலிமென்ட் நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை என்றால் எலிமென்டுக்கு மின்சாரத்தைக் கொடுத்து நிறுத்தும் சுவிட்சான, போர்டில் இருக்கும் ரிலேயின் முனைகள் ஒட்டிக்கொண்டுவிட்டன என்றுதான் சந்தேகிக்க வேண்டும். நேராகப் போய்ப் பிரேக்கரை இறக்கினேன். மற்ற கோடுகளுக்கு ஐந்து நிமிடம் மின்சாரத்தை நிறுத்தி மறுபடி போட்டுப் பார்ப்பதில் தவறில்லை. எஃப் 2-க்கு அந்தச் சோதனையே வேண்டாம் என்பேன். இந்த வேலையை நான் செய்யவும் இல்லை. டெக்னீஷியன் ரிலேயை மாற்றி, பக்கத்தில் விரிசல் விட்டிருந்த பற்றுகளையும் திரும்ப வைத்துக் கொடுத்தார்.

தானாகச் சுத்தம் செய்துகொள்ளும் வசதியும் இதில் உண்டு. உள்ளே 500 டிகிரியை நெருங்கும், கதவு பூட்டிக்கொள்ளும். கனெக்டர் பழுப்பேறியதைப் பார்த்த பிறகு அந்தப் பட்டன் பக்கம் நான் போவதே இல்லை. துணியும் சோடா உப்பும் போதும்.

இன்னொன்று, இதைப் படித்துவிட்டு மைக்ரோவேவைத் திறந்துவிடாதீர்கள். அதில் இருக்கும் கெப்பாசிட்டர் பிளக்கைப் பிடுங்கிய பின்னும் ஆளைக் கொல்லும் மின்னழுத்தத்தை வைத்திருக்கும்.

ரிலே மாற்றி இரண்டு வருடம் ஆகிறது, அதற்குப் பின் கோடு எதுவும் வரவில்லை. முன்னைவிட ரிலேயின் டிக் சத்தம் கொஞ்சம் பலமாகக் கேட்கிறது, அவ்வளவுதான். பழைய சென்சார் இன்னும் மேசை இழுப்பறையில் கிடக்கிறது. அதன் வயரில் ஒரு காகிதத் துண்டு ஒட்டி எழுதி வைத்திருக்கிறேன்: “நல்லது. 30 டிகிரியில் 1117.”