தேடலை எந்தக் கணினி செய்கிறது? ஆன்சிபிள், பப்பெட், சால்ட், டெராஃபார்ம்: ஓர் ஒப்பீடு

ரகசியங்களைப் பூட்டிவைக்கும் வால்ட் சேவையில் இருக்கும் தரவுத்தளக் கடவுச்சொல்லை இருநூறு சர்வர்களின் அமைப்புக் கோப்பில் எழுத வேண்டும். சர்வர்களை உருவாக்கவும் அமைக்கவும் உதவும் கருவிகளான ஆன்சிபிள், பப்பெட், சால்ட், டெராஃபார்ம் ஆகிய நான்கில் எதைக் கேட்டாலும் "முடியும்" என்றுதான் பதில் வரும். வசதிப் பட்டியல்களை அருகருகே வைத்துப் பார்த்தால் பெரிய வேறுபாடு தெரியாது. ஆனால் கடவுச்சொல்லை எடுத்துவரும் அந்தத் தேடலை எந்தக் கணினி செய்கிறது, எந்த நேரத்தில் செய்கிறது, கிடைத்த விடை எங்கெல்லாம் தங்கிவிடுகிறது என்று கேட்டுப் பாருங்கள். நான்கும் நான்கு திசையில் நிற்கும். கருவியைத் தேர்ந்தெடுக்கும் முன் கேட்க வேண்டியவை இந்த மூன்று கேள்விகள்தான் என்பேன்.

ஆன்சிபிளில் வெளியிலிருந்து மதிப்பைத் தேடி எடுக்கும் லுக்அப் செருகுநிரல்கள் ஓடுவது கட்டுப்பாட்டுக் கணினியில், அதாவது பிளேபுக்கை (செய்ய வேண்டிய வேலைகளை வரிசையாக எழுதிய கோப்பை) ஓட்டுகிற கணினியில். இலக்கு சர்வரில் அல்ல. புதிதாக வருபவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். 'ஃபைல்' லுக்அப்பிடம் ஒரு பாதையைக் கொடுத்தால், அது அந்தப் பாதையை உங்கள் மடிக்கணினியில்தான் தேடும். 'என்வ்' லுக்அப்பிடம் ஹோம் என்ற சூழல் மாறியைக் கேட்டால் உங்கள் வீட்டு அடைவைத்தான் சொல்லும். சர்வரில் உள்ள கோப்பைப் படிக்க 'ஸ்லர்ப்' என்ற மாட்யூல் தனியாக இருக்கிறது. ஆனால் இதே ஏற்பாட்டில் ஒரு பெரிய நன்மையும் உண்டு. வால்ட்டுக்கான அனுமதிச் சாவியான டோக்கன் ஒரே கணினியில் இருந்தால் போதும். இருநூறு சர்வர்களுக்கும் வால்ட்டை எட்டும் வழியைத் திறந்துவிட வேண்டியதில்லை.

எப்போது ஓடுகிறது என்பது இதைவிட முக்கியம். ஆன்சிபிளில் ஒரு மாறிக்குள் லுக்அப்பை எழுதினால், அது எழுதிய இடத்தில் கணக்கிடப்படுவதில்லை. அந்த மாறி பயன்படும் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கணக்கிடப்படுகிறது. காப்புநகல் எடுக்கும் பிளேபுக் ஒன்றைப் பாருங்கள். 'பைப்' லுக்அப் வழியாக 'டேட்' கட்டளையை ஓட்டி, மணி நிமிடம் நொடி வரை கொண்ட ஓர் அடைவுப் பெயரை ஒரு மாறியில் வைக்கிறீர்கள். பிளேபுக்கின் முதல் டாஸ்க், அதாவது முதல் படி, அந்தப் பெயரில் அடைவை உருவாக்குகிறது. இரண்டாவது டாஸ்க் அதற்குள் கோப்பை நகலெடுக்கிறது. இரண்டுக்கும் இடையில் சில நொடிகள் கடந்திருக்கும். இரண்டாவது டாஸ்க் தேடும் அடைவு இருக்காது. பிளேபுக் அங்கேயே நிற்கும். பிழைச் செய்தியில் தெரிவது 'அடைவு இல்லை' என்பது மட்டும்தான்; காரணம் மாறியின் வரையறையில் ஒளிந்திருக்கிறது. 'செட் ஃபேக்ட்' மாட்யூலால் மதிப்பை ஒருமுறை எடுத்து உறைய வைத்தால் தீரும். எல்லா சர்வர்களுக்கும் ஒரே மதிப்பு வேண்டுமென்றால் அந்த டாஸ்க்கில் 'ரன் ஒன்ஸ்' சேர்க்க வேண்டும்.

இதே குணம் வால்ட்டிலும் சுமையாக விழும். ஒரு ரகசிய மாறியை மூன்று டாஸ்க்குகளில் பயன்படுத்தி இருநூறு சர்வர்களில் ஓட்டினால், 600 தேடல்கள் போகும். வால்ட் தாமதமாகப் பதில் சொல்கிற நாளில் பிளேபுக் ஊர்ந்து செல்வதற்கு இதுவே போதும்.

விடையின் வடிவத்திலும் கவனம் வேண்டும். 'லுக்அப்' என்று அழைத்தால், பல மதிப்புகள் கிடைத்தாலும் அவற்றைக் காற்புள்ளியிட்டு ஒரே சரமாகக் கோத்துத்தான் தரும். மூன்று கோப்புகளைக் கண்டுபிடித்த 'ஃபைல்குளோப்' விடையை 'லூப்' வழியாகச் சுற்ற முயன்றால், பட்டியல் வேண்டும் என்று ஆன்சிபிள் மறுத்துவிடும். 2.5 பதிப்பில் வந்த 'கொயரி' எப்போதும் பட்டியலாகவே தருகிறது. சுற்று எழுதும் இடங்களில் எல்லாம் அதையே பயன்படுத்துங்கள்.

ஆன்சிபிளின் உண்மையான பலம், சொந்தமாக ஒரு லுக்அப் எழுதுவது எவ்வளவு எளிது என்பதில் இருக்கிறது. பைதானில் ஒரு கிளாஸ், அதற்குள் 'ரன்' என்ற ஒரு மெத்தட், அது ஒரு பட்டியலைத் திருப்பித் தர வேண்டும். கோப்பைப் பிளேபுக் பக்கத்தில் 'லுக்அப் பிளகின்ஸ்' அடைவில் போட்டால் போதும், உடனே வேலை செய்யும். நிறுவனத்தில் பத்து ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருக்கும் பழைய சொத்துப் பதிவேட்டுத் தரவுத்தளத்தைக்கூட ஒரு மதியத்தில் இணைத்துவிடலாம். மற்ற மூன்றில் எதுவும் இவ்வளவு எளிதாக இடம் கொடுப்பதில்லை.

பப்பெட்டின் தரவுத் தேடல் அமைப்பான ஹைரா முற்றிலும் வேறு மனப்பான்மையில் பிறந்தது. இங்கே தேடல் என்பது நீங்கள் அழைக்கும் ஒரு செயல்பாடு மட்டும் அல்ல. கருவியின் முதுகெலும்பே அதுதான். ஒரு கிளாஸுக்கு அளவுருவை அறிவித்துவிட்டு மதிப்பைக் கொடுக்காமல் விட்டால், கிளாஸ் பெயரும் அளவுருப் பெயரும் சேர்ந்த சாவியைப் பப்பெட் தானாகவே ஹைராவில் தேடுகிறது. ஹைரா மேலிருந்து கீழாகப் பார்க்கும். முதலில் அந்தத் தனி சர்வருக்கான கோப்பு, பிறகு அது இருக்கும் தரவு மையத்துக்கான கோப்பு, பிறகு இயங்குதளத்துக்கானது, கடைசியில் எல்லோருக்கும் பொதுவானது. முதலில் கிடைத்ததை எடுத்துக்கொள்ளலாம். அல்லது எல்லா அடுக்குகளிலும் கிடைத்தவற்றை ஒன்றுசேர்க்கச் சொல்லலாம். எந்தச் சாவிக்கு எந்த முறை என்பதையும் தரவுக் கோப்பிலேயே எழுதிவைக்க முடியும்.

ஹைராவில் நான் மிகவும் மதிப்பது 'பப்பெட் லுக்அப்' கட்டளையின் 'எக்ஸ்ப்ளெய்ன்' விருப்பம். ஒரு சர்வரின் பெயரையும் சாவியையும் கொடுத்தால், எந்தெந்தக் கோப்பைத் திறந்தது, எது இல்லை, எதில் சாவி இல்லை, எதில் கிடைத்தது, எப்படி ஒன்றுசேர்த்தது என்று வரிவரியாகச் சொல்லும். நள்ளிரவில் "இந்த ஒரு சர்வருக்கு மட்டும் ஏன் இந்த போர்ட் எண் வந்தது" என்ற கேள்விக்கு ஒரே கட்டளையில் விடை கிடைக்கிறது. ஆன்சிபிளில் மாறிகளுக்கு இருபதுக்கும் மேற்பட்ட முன்னுரிமை நிலைகள் உண்டு. அங்கே இதே கேள்விக்கு நீங்களே கோப்பு கோப்பாகத் தேட வேண்டியிருக்கும். பல தளங்களில் பரவி, ஆண்டுக்கணக்கில் வாழும் சர்வர்களைப் பராமரிப்பவருக்கு இந்த ஒரு வேறுபாடே தீர்ப்பை மாற்றிவிடும்.

ஹைராவின் தேடல் நடப்பது பப்பெட் சர்வரில், ஒரு சர்வர் எப்படி இருக்க வேண்டும் என்ற முழு விவரமான காட்டலாக்கைத் தொகுக்கும் நேரத்தில். அதனால் ஒரு தொகுப்புக்குள் மதிப்பு நடுவில் மாறாது. மேலே சொன்ன நொடிக்கணக்குச் சிக்கலே எழாது. ஆனால் ரகசியம் அந்தக் காட்டலாக்கிலேயே போய்ச் சேர்கிறது, ஒவ்வொரு சர்வரிலும் ஓடும் ஏஜென்ட் நிரல் அதன் நகலை வட்டில் வைத்துக்கொள்கிறது. ஹைரா கோப்புகளில் ரகசியத்தைப் பூட்டும் ஈயேமல் குறியாக்கம் கிட் களஞ்சியத்தில் உள்ள கோப்பைத்தான் காக்கும். தொகுக்கும்போது பூட்டு திறந்துவிடுகிறது. இதற்காகவே பப்பெட் 6 பதிப்பில் 'டிஃபர்டு' செயல்பாடுகள் வந்தன. தேடலை ஏஜென்ட் தானே தன் கணினியில் செய்யும், ரகசியம் காட்டலாக்கில் பதியாது. அதற்கான விலை, ஒவ்வொரு சர்வரும் வால்ட்டை எட்ட வேண்டும் என்பது.

சால்ட் நடுவழியில் போகிறது. பில்லர் எனப்படும் சர்வர் வாரியான தரவு, மாஸ்டர் எனப்படும் மையக் கணினியில் தயாராகி, அந்தந்த மினியனுக்கு (நிர்வகிக்கப்படும் சர்வருக்கு) உரியது மட்டும் குறியாக்கத்துடன் அதற்குப் போகிறது. பக்கத்து மினியனின் ரகசியம் இதற்குத் தெரியாது. ரகசியங்களைச் சர்வர் வாரியாகப் பிரிக்க வேண்டிய இடத்தில் இது நல்ல வடிவமைப்பு. ஆனால் யாருக்கு எது என்பதை மினியனின் பெயரை வைத்தே தீர்மானியுங்கள். மினியன் தன்னைப் பற்றிச் சொல்லும் தகவல்களான கிரெய்ன்ஸ் மதிப்புகளை மினியனே தனக்கு எழுதிக்கொள்ள முடியும். கைப்பற்றப்பட்ட ஒரு வெப் சர்வர் "நான் தரவுத்தள சர்வர்" என்று சொல்லிக்கொண்டால், கிரெய்ன்ஸை நம்பும் பில்லர் அதற்கும் கடவுச்சொல்லைக் கொடுத்துவிடும்.

சால்ட்டில் இன்னொரு நுணுக்கம் உண்டு. பில்லர் கோப்பில் ஜின்ஜா என்ற வார்ப்புரு மொழிக்குள் 'ஹோஸ்ட்நேம்' கட்டளையை ஓட்டினால் மாஸ்டரின் பெயர் வரும். சர்வர் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லும் ஸ்டேட் கோப்பில் அதே வரியை எழுதினால் மினியனின் பெயர் வரும். வரி ஒன்றுதான், ஓடும் கணினி வேறு. பில்லரை மாற்றிய பிறகு 'பில்லர் கெட்' பழைய மதிப்பையே காட்டினாலும் பதற வேண்டாம். அது மினியனின் நினைவகத்தில் இருப்பதைக் காட்டுகிறது. புதுப்பிக்கும் கட்டளையை ஓட்டிய பிறகு பாருங்கள்.

வெளியிலிருந்து மதிப்பைப் படிக்கும் டெராஃபார்மின் டேட்டா சோர்ஸ் பற்றி சுருக்கமாகச் சொன்னால் போதும், ஏனென்றால் சர்வருக்குள் இருக்கும் அமைப்புகளுக்கு அது ஏற்ற இடமே அல்ல. என்ன மாறப்போகிறது என்று கணக்கிடும் பிளான் நேரத்தில் அது படிக்கிறது. இன்னும் உருவாகாத ஒன்றைச் சார்ந்திருந்தால் மாற்றங்களைச் செய்துமுடிக்கும் அப்ளை வரை தள்ளிப்போடுகிறது. அமேசான் கிளவுடில் 'மிகப் புதிய இமேஜ்' (சர்வரை உருவாக்கப் பயன்படும் மூலப் பிரதி) என்று கேட்டு, அந்த விடையை நேரடியாகச் சர்வருக்குக் கொடுத்தால், புதிய இமேஜ் வெளியான மறுநாள் பிளான் உங்கள் சர்வரை அழித்துப் புதிதாகக் கட்டப்போவதாகச் சொல்லும். அதைப் படிக்காமல் ஒப்புதல் கொடுக்கக் கூடாது. வால்ட்டிலிருந்து படித்த ரகசியமோ, டெராஃபார்ம் தான் நிர்வகிப்பவற்றைக் குறித்துவைக்கும் ஸ்டேட் கோப்பில் வெளிப்படையான எழுத்தில் பதிகிறது. 'சென்சிடிவ்' என்று குறித்தால் திரையில் மட்டும்தான் மறையும். 1.10 பதிப்பில் வந்த 'எஃபெமரல்' வகை ஸ்டேட்டிலும் பிளானிலும் எதையும் பதிப்பதில்லை; ரகசியம் எடுப்பதாக இருந்தால் இனி அந்த வழியில் எடுங்கள்.

கடவுச்சொல்லை மாற்றும் நாளில் இந்த வேறுபாடுகள் எல்லாம் கண்முன் வரும். பப்பெட் ஏஜென்ட் இயல்பாக 30 நிமிடத்துக்கு ஒருமுறை ஓடுவதால், யாரும் தொடாமலே புதிய மதிப்பு போய்ச் சேரும். ஆன்சிபிளில் யாராவது, அல்லது ஒரு கால அட்டவணை, பிளேபுக்கை ஓட்டியாக வேண்டும். ஓடாத வரை சர்வரில் பழைய கடவுச்சொல்தான்.

ஐந்தாறு பேர் கொண்ட குழு, பல இடங்களில் சிதறிய தரவு, அடிக்கடி மாறும் தேவைகள் என்றால் ஆன்சிபிளையே பரிந்துரைக்கிறேன். ரகசியம் தொடும் ஒவ்வொரு டாஸ்க்கிலும் 'நோ லாக்' இருக்கட்டும், இல்லையென்றால் விரிவான பதிவில் கடவுச்சொல் அப்படியே அச்சாகும். 'பாஸ்வேர்ட்' லுக்அப் தான் உருவாக்கிய கடவுச்சொல்லைக் கட்டுப்பாட்டுக் கணினியில் வெறும் எழுத்துக் கோப்பாகச் சேமிக்கிறது; அந்த அடைவு கிட்டுக்குள் போய்விடாமல் விலக்கிவையுங்கள். தளத்துக்குத் தளம் அமைப்புகள் மாறும் நூற்றுக்கணக்கான நெடுங்கால சர்வர்கள் என்றால் ஹைராவை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் அடுக்குகளை நான்கைந்துக்கு மேல் போகவிடாதீர்கள். அதற்கு மேல் போனால் 'எக்ஸ்ப்ளெய்ன்' தரும் விடையைப் படிப்பதே தனி வேலையாகிவிடும்.