அக்காவின் மாத்திரையும் ஒரு ரத்தப் பரிசோதனையும்

டொராண்டோவிலிருந்து இம்முறை ஊருக்குச் சென்றபோது, ஒன்பது ஆண்டுகளாக நாள்பட்ட மைலாய்டு ரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றுவரும் என் அக்காவுடன் தஞ்சாவூரிலிருந்து சென்னை மருத்துவமனைக்குச் சென்றுவந்தேன். மண்ணீரல் வீங்கி, வெள்ளணுக்கள் பெருகி நோய் தெரியவந்த நாளில், என் எலும்பு மஜ்ஜையைத் தருகிறேன் என்று தொலைபேசியில் அழுதேன். அதற்குத் தேவையே ஏற்படவில்லை. 9, 22 ஆகிய குரோமோசோம்கள் துண்டுகளை மாற்றிக்கொள்வதால் பிறக்கும் புரதம், ரத்த அணுக்களை ஓயாமல் பெருகச் செய்கிறது. 2001-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இமாடினிப் அந்தப் புரதத்தையே முடக்கிவிடுகிறது. மதிய உணவுக்குப் பின் 400 மில்லிகிராம் மாத்திரை ஒன்றை விழுங்கிவிட்டு அக்கா தையல் வேலையைத் தொடர்கிறார்.

அவர் வாங்குவது உள்நாட்டுத் தயாரிப்பு. இம்மருந்துக்கான காப்புரிமை விண்ணப்பத்தை 2006-இல் நிராகரித்தது சென்னைக் காப்புரிமை அலுவலகம்தான். உச்ச நீதிமன்றம் 2013 ஏப்ரல் 1 அன்று அந்த நிராகரிப்பை உறுதிசெய்ததால், உள்நாட்டு நிறுவனங்கள் இதைத் தயாரித்து விற்கத் தடை இல்லாமல் போனது. காப்புரிமை கேட்ட நிறுவனத்தின் மருந்துக்கு மாதத்துக்கு ஏறத்தாழ 1,20,000 ரூபாய் என்று அவ்வழக்கின்போது பேசப்பட்ட விலையில், எங்கள் குடும்பத்தால் ஓராண்டுகூடத் தாக்குப்பிடித்திருக்க முடியாது.

சிக்கல் பரிசோதனையில்தான் எழுந்தது. குரோமோசோம் மாற்றத்தால் உருவான நோய் மரபணுவை ரத்தத்தில் தேடும் பி.சி.ஆர். பரிசோதனைக்கு ஊரில் ஒரு கூடம் கொடுத்த அறிக்கையில், அது 'இருக்கிறது' என்பதற்கு மேல் எதுவுமில்லை. சர்வதேச அளவுகோலின்படி எத்தனை சதவீதம் என்ற எண் இல்லாமல் முந்தைய அறிக்கைகளோடு ஒப்பிட முடியாது என்று மருத்துவர் சொல்ல, சென்னையில் மீண்டும் ரத்தம் கொடுத்தோம். கட்டணத்தைவிட, அக்கா வீணாகக் கழித்த மூன்று வாரக் கவலைதான் எனக்கு வருத்தமளித்தது.

மருத்துவர் அவசரமின்றி விளக்கினார். 0.1 சதவீதமோ அதற்குக் குறைவோ இருந்தால் நல்ல கட்டுப்பாடு. எண் ஏறினால், மாத்திரை தவறியதா என்று முதலில் கேட்பார்கள், பிறகு மரபணுவில் புதிய மாற்றம் உண்டா என்று தேடுவார்கள். டி315ஐ என்ற மாற்றம் இமாடினிபுக்கு மட்டுமின்றி, அடுத்து வந்த டசாடினிப், நிலோடினிப் மருந்துகளுக்கும் கட்டுப்படாது. அதற்கும் இப்போது பொனாடினிப், அசிமினிப் ஆகியவை வந்துள்ளன.

"மாத்திரையை நிறுத்தவே முடியாதா டாக்டர்?" என்று அக்கா கேட்டார். 0.01 சதவீதமோ அதற்கும் கீழோ குறைந்தது இரண்டாண்டுகள் நிலைத்திருப்பவர்களிடம் மருத்துவர் மேற்பார்வையில் நிறுத்திப் பார்க்கலாம் என்றும், அவர்களிலும் ஏறக்குறைய பாதிப் பேருக்கு நோய் திரும்புவதால், தொடக்கத்தில் மாதந்தோறும் நம்பகமான பரிசோதனை தேவை என்றும் அவர் கூறினார்.

நான் விமானம் ஏறுவதற்கு இரண்டு நாள் முன்பு அறிக்கை வந்தது: 0.02. அடுத்த பரிசோதனைக்கும் சென்னைக்கே வருவதென்று முடிவுசெய்து, அத்தான் அன்றே ரயிலுக்கு முன்பதிவு செய்தார்.