கரண்ட் மெஷினா, பெட்ரோல் மெஷினா?

மார்த்தாண்டம், களியக்காவிளைப் பக்கம் தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் உண்டு; மதில்களில் பாசிக்குப் பஞ்சமே இல்லை. கல்லூரிக்குப் போய்க்கொண்டே சனி, ஞாயிறில் பிரஷர் வாஷ், அதாவது தண்ணீரை அழுத்தத்தோடு பீய்ச்சிக் கழுவும் வேலை எடுக்க நினைத்தால் முதல் கேள்வி மெஷின்தான்.

வீட்டு உபயோகக் கரண்ட் மெஷின் 100 முதல் 130 பார் அழுத்தம் தரும். பைக்குக்கும் மதிலுக்கும் தாராளம், ஸ்கூட்டரிலேயே கொண்டுபோகலாம். பெட்ரோல் மெஷின் 170 பாரையும் தாண்டும். இன்டர்லாக் கல் பதித்த பெரிய முற்றத்துக்கு அதுதான் சரி, கரண்ட் போனாலும் நிற்காது. ஆனால் ஏற்றிப்போக ஆட்டோ வேண்டும், இரைச்சலும் அதிகம்.

ஒருமுறை நண்பனின் பெட்ரோல் மெஷினை இரவல் வாங்கி, பழைய மதிலில் தண்ணீர் பீய்ச்சும் குறுகிய முனையை (நாசில்) நெருக்கிப் பிடித்துவிட்டேன். பாசியோடு பூச்சும் பெயர்ந்து காலடியில் விழுந்தது. "எடே மக்கா, கழுவச் சொன்னா உரிச்சுட்டியே!" என்றார் வீட்டுப் பாட்டி. பாதிக் கூலிதான் கிடைத்தது.

இப்போது என் கையில் இருப்பது கரண்ட் மெஷின். போன இடத்தில் எர்த் சரியாக உள்ள 15 ஆம்பியர் பிளக் இருக்கிறதா என்று முதலில் பார்ப்பேன். அப்புறம், பரீட்சை மாதங்களில் மூலையில் சும்மா கிடந்தாலும் இதற்கு ஒன்றும் ஆகாது. பெட்ரோல் மெஷின் என்றால் பழைய பெட்ரோல் பிசினாகிக் கார்புரேட்டரை அடைத்துவிடும்.