பசித்தவனுக்குக் காசு கொடுப்பது யார் வேலை? ஹூவரும் ரூஸ்வெல்ட்டும்

1929-இல் அமெரிக்கப் பங்குச்சந்தை சரிந்தபோது அதிபர் ஹூவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார், அடுத்த அதிபராக ரூஸ்வெல்ட் வந்துதான் அரசு அசைந்தது என்பார்கள். பாதிதான் உண்மை. வங்கிகளையும் ரயில்வே நிறுவனங்களையும் தாங்கிப்பிடிக்க 1932 ஜனவரியில் அரசுக் கடன் கழகம் ஒன்றைத் தொடங்கியவர் ஹூவர். அதே ஆண்டு அதிபர் தேர்தல் பிரசாரத்தில், அரசுச் செலவில் கால்வாசியைக் குறைப்பேன் என்று பிட்ஸ்பர்கில் வாக்குக் கொடுத்தவர் ரூஸ்வெல்ட்.

சரி, எங்கேதான் முட்டிக்கொண்டார்கள்? பசித்தவன் வயிற்றுக்கு வாஷிங்டன், அதாவது மத்திய அரசு, பணம் கொடுக்கலாமா என்பதில்.

கூடாது என்றார் ஹூவர். அவர் கல்நெஞ்சக்காரர் இல்லை. முதல் உலகப் போரில் பெல்ஜியத்தின் பட்டினியைத் தீர்த்துப் பேரெடுத்தவர். உதவி அக்கம்பக்கத்தாரிடமிருந்தும் செஞ்சிலுவைச் சங்கத்திடமிருந்தும் வர வேண்டும், மத்திய அரசு கொடுக்கத் தொடங்கினால் மக்கள் சொந்தக் காலில் நிற்பதை விட்டுவிடுவார்கள் என்று நம்பினார். 1930 வறட்சியில் விதைக்கும் கால்நடைத் தீவனத்துக்கும் 4.5 கோடி டாலர் கடன் ஒதுக்கப்பட்டது. உழுகிறவன் சாப்பாட்டுக்கு அதில் இடமில்லை. கோவேறு கழுதைக்குத் தீனி உண்டு, அதை ஓட்டுகிறவனுக்கு இல்லை! 1931 ஜனவரியில் ஆர்கன்சா மாநிலத்தின் இங்கிலாந்து என்ற சிற்றூரில் செஞ்சிலுவைச் சங்கத்தின் நிவாரண விண்ணப்பப் படிவம் தீர்ந்துபோனது. சில நூறு விவசாயிகள் கடைவீதியில் திரண்டு உணவு கேட்டார்கள்.

நிவாரணம் தருமம் அல்ல, சமூகக் கடமை என்று நியூயார்க் ஆளுநராக இருந்தபோதே சொன்னவர் ரூஸ்வெல்ட். அதிபரானதும் 1933 மே மாதம் நிவாரணத்துக்கு 50 கோடி டாலர் ஒதுக்கினார். அதைப் பகிர்ந்தளிக்கப் பொறுப்பேற்ற ஹாரி ஹாப்கின்ஸ், நடைகூடத்தில் கிடந்த மேசையில் உட்கார்ந்தபடியே இரண்டு மணி நேரத்தில் 50 லட்சம் டாலரை மாநிலங்களுக்கு ஒதுக்கிவிட்டார். அந்தக் குளிர்காலத்தில் சுமார் 40 லட்சம் பேருக்கு அரசே வேலை கொடுத்தது.

இலவசம் பழக்கமாகிவிடும் என்ற ஹூவரின் கவலையை நான் ஒதுக்கவில்லை. ஆனால் நாலில் ஒருவருக்கு வேலையில்லாதபோது பக்கத்து வீட்டிலும் அடுப்பு எரியாதே! சிகாகோவில் ஆசிரியர் சம்பளமே மாதக்கணக்கில் பாக்கி. உள்ளூர்க் கை வெறுங்கையாகிவிட்ட நேரத்தில் ரூஸ்வெல்ட் செய்ததுதான் சரி.

ஆனாலும் 1937-இல் அவரே செலவை வெட்டினார். வேலையின்மை மறுபடி ஏறியது. முதியோர் ஓய்வூதியம் கொண்டுவந்த 1935 சமூகப் பாதுகாப்புச் சட்டத்திலோ பண்ணைத் தொழிலாளர்களும் வீட்டு வேலை செய்பவர்களும் விடுபட்டார்கள். தெற்கத்திக் கறுப்பினத்தவரில் பெரும்பாலோர் செய்த வேலை இவைதான். அவர்களுக்கு ஓய்வூதியக் கதவு திறக்கத் தொடங்கியதே 1950-இல்தான்.