பெட்ரோல் மூடி திறக்காத காருக்கு நம்பிப் போகக்கூடிய கடை

சென்னை புதுப்பேட்டையில், ஆதித்தனார் சாலையிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு சந்தில் இருக்கிறது இந்த ஆட்டோ எலக்ட்ரிக் கடை. வேலைக்கு ஐந்துக்கு ஐந்து. உட்காரும் வசதிக்குத் தனியாக மதிப்பெண் போடச் சொன்னால் இரண்டுதான் போடுவேன். ஆனால் காரில் கரன்ட் கோளாறோடு அலைகிறவர்களுக்கு முதலில் வேண்டியது, எது கெட்டிருக்கிறது என்று சோதித்துக் காட்டக்கூடிய ஆள். அப்படி ஒருவர் இங்கே இருக்கிறார். அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

என் கார் எட்டு வருடப் பழசு, ஐரோப்பியக் கம்பெனியின் பெட்ரோல் செடான். இங்கே ஓடும் பல கார்களில் டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் ஒரு லீவர் இருக்கும். இழுத்தால் கேபிள் வழியாகப் பெட்ரோல் மூடி திறந்துகொள்ளும். என் காரில் அது கிடையாது. கதவுகளோடு சேர்ந்து பெட்ரோல் மூடியும் சென்ட்ரல் லாக்கில் பூட்டும், திறக்கும். மூடிக்குப் பின்னால் ஒரு சின்ன மோட்டார். அது பின்னை வெளியே தள்ளினால் பூட்டு, உள்ளே இழுத்தால் திறப்பு. ஆக்சுவேட்டர் என்பார்கள். அதற்குப் போவது இரண்டே வயர். ஒரு திசையில் கரன்ட் போனால் பூட்டும், பாசிட்டிவும் நெகட்டிவும் இடம் மாறினால் திறக்கும்.

ஐப்பசி மழை தொடங்கியதும் இந்த மூடி தகராறு செய்ய ஆரம்பித்தது. பங்க்கில் வண்டியை நிறுத்தி ரிமோட்டை அழுத்தினால் நான்கு கதவும் திறக்கும், டிக்கி திறக்கும், பெட்ரோல் மூடி மட்டும் அசையாது. டிக்கியின் வலது பக்க லைனிங்குக்குள் கையை விட்டு, அவசரத்துக்கென்று வைத்திருக்கும் கயிற்றை இழுத்துத்தான் பெட்ரோல் போட முடிந்தது. (உங்கள் காரிலும் இந்த மாதிரிப் பூட்டு இருந்தால், அந்தக் கயிறோ நெம்புகோலோ எங்கே இருக்கிறது என்று மேனுவலில் இப்போதே பார்த்து வையுங்கள். டேங்க் காலியான பிறகு தேடுவது பெரிய அவஸ்தை.) வெயில் அடித்த நாட்களில் மூடி ஒழுங்காகத் திறந்தது. மழை பெய்தால் மறுபடி அதே கதை.

முதலில் ஒரு சர்வீஸ் சென்டருக்குத்தான் கொண்டுபோனேன். ஸ்கேனர் போட்டார்கள். எந்த எரர் கோடும் வரவில்லை. பிறகு ஆக்சுவேட்டரின் கப்ளரை, அதாவது வயர்கள் வந்து சொருகும் இணைப்பைக், கழற்றி மீட்டர் வைத்தார்கள். 12 வோல்ட் வந்தது. "சப்ளை சரியா இருக்கு மேடம், மோட்டார்தான் போச்சு" என்று புது ஆக்சுவேட்டர் மாட்டினார்கள். கொஞ்ச நாள் வேலை செய்தது. அடுத்த மழையில் நின்றுவிட்டது. திரும்பப் போனபோது, கதவு, விளக்கு எல்லாவற்றையும் இயக்கும் பாடி கன்ட்ரோல் மாட்யூலையே மாற்ற வேண்டும் என்று 30,000 ரூபாய்க்கு மேல் எஸ்டிமேட் கொடுத்தார்கள். ஏன் அதுதான் கெட்டிருக்கிறது என்று கேட்டேன். வேறு எதுவும் மிச்சமில்லை என்பதுதான் பதில். ஒவ்வொரு பார்ட்டாக மாற்றிக்கொண்டே போய், கடைசியில் மிஞ்சியது எதுவோ அதைக் குற்றவாளி ஆக்குவது கோளாறு கண்டுபிடிக்கும் முறையே இல்லை. அதற்கான செலவு முழுவதும் வண்டிக்காரர் தலையில் விழுகிறது. எனக்கு இதில் உண்மையிலேயே கோபம் உண்டு.

பழைய ஆக்சுவேட்டரைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். என்னோடு வேலை பார்க்கும் ஒரு டீச்சரின் கணவர்தான் இந்தக் கடையைச் சொன்னார்.

கடைக்காரரை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுகிறார்கள். அறுபதை நெருங்கும் வயது இருக்கும். கூட ஒரு தம்பி வேலை பார்க்கிறான். பாய் வண்டியைத் தொடும் முன்பே வரிசையாகக் கேள்விகள் கேட்டார். மற்றக் கதவுகள் பூட்டுகிறதா? மழையில்தான் வருகிறதா? இதற்கு முன் யார் எதைக் கழற்றினார்கள்? பின்னால் எங்காவது இடி வாங்கியதா? கதவுகள் எல்லாம் ஒழுங்காக வேலை செய்கின்றன என்றதும், "அப்போ ரிமோட்டும் ஃபியூஸும் வேலை செய்யுது டீச்சர், அதுல நேரம் போக்க வேணாம்" என்றார். நான் பள்ளியில் இயற்பியல் எடுக்கிறவள் என்று பேச்சுவாக்கில் சொன்னதிலிருந்து டீச்சர்தான்.

அதன்பின் நடந்ததை மெக்கானிக் வேலை கற்கும் பிள்ளைகள் அவசியம் பார்க்க வேண்டும். டிக்கி லைனிங்கைக் கிளிப் உடையாமல் எடுத்தார். ஆக்சுவேட்டர் கப்ளரைக் கழற்றினார். மீட்டரை எடுக்கவில்லை. டெஸ்ட் லேம்பை எடுத்தார்: இழை உள்ள பழைய 5 வாட் பல்பு, இரண்டு வயர், ஒரு கிளிப். அதைக் கப்ளரில் வயர் முடியும் இரண்டு பின்னுக்கும் குறுக்கே வைத்துவிட்டுத் தம்பியை ரிமோட் அழுத்தச் சொன்னார். பல்பு மங்கலாக ஒரு முறை மினுங்கி அணைந்தது. பாய் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்.

சர்வீஸ் சென்டரில் அதே இடத்தில்தான் 12 வோல்ட் காட்டியது. இரண்டுமே உண்மை. டிஜிட்டல் மீட்டரின் உள் மின்தடை பொதுவாக 10 மெகாஓம். அது எடுக்கும் கரன்ட் இல்லாததற்குச் சமம். வழியில் இருபது ஓம் கோளாறு இருந்தாலும் அவ்வளவு குறைந்த கரன்ட்டுக்கு அங்கே வோல்ட் விழாது. மீட்டர் முழு 12 காட்டும். 5 வாட் பல்பு கிட்டத்தட்ட 0.4 ஆம்பியர் எடுக்கும். அந்தக் கரன்ட் போகும்போதுதான் கோளாறு உள்ள இடம் வோல்ட்டைத் தின்கிறது. மோட்டார் கிளம்பும்போது பல்பை விட அதிகம் கேட்கும், அதற்குக் கிடைப்பது இன்னும் குறைவு. ஓம் விதிதான், பத்தாம் வகுப்புப் பாடம். பாய் அதை இப்படிச் சொன்னார்: "தண்ணி டேப்பை மூடி வெச்சிருந்தா பிரஷர் ஃபுல்லாத்தான் காட்டும் டீச்சர். திறந்து விட்டாத்தானே அடைப்பு தெரியும்." எல்ஈடி வைத்த டெஸ்டர்களை அவர் இந்த வேலைக்குத் தொடுவதே இல்லை. கொஞ்சம் கரன்ட் கிடைத்தாலே அவை பளிச்சென்று எரிந்து ஏமாற்றிவிடும்.

அடுத்து ஆக்சுவேட்டரைக் காரின் வயரிங்கிலிருந்து முழுதாகப் பிரித்து, ஃபியூஸ் போட்ட வயர் வழியாக நேரே பேட்டரியிலிருந்து கரன்ட் கொடுத்தார். டக்கென்று பின் வெளியே வந்தது. வயரை மாற்றிப் பிடித்தார், உள்ளே போனது. சரி, மோட்டார் நன்றாக இருக்கிறது. நான் பையிலிருந்து பழைய ஆக்சுவேட்டரை எடுத்துக் கொடுத்தேன். அதுவும் அதே வேகத்தில் வேலை செய்தது. நல்ல பார்ட்டைக் கழற்றிவிட்டு இன்னொரு நல்ல பார்ட்டை மாட்டியிருக்கிறார்கள்.

இரண்டு வயரில் எது என்று பார்த்தவிதம் எனக்கு மிகவும் பிடித்தது. இந்த மாதிரி மோட்டாரில், சும்மா இருக்கும்போது இரண்டு வயரும் எர்த்தில் இருக்கும். பூட்டும்போது ஒன்றுக்கு 12 வோல்ட் வரும், திறக்கும்போது மற்றதற்கு. பாய் லேம்பின் ஒரு முனையை பாடி எர்த்தில் மாட்டி, மறுமுனையை முதல் பின்னில் வைத்துப் பூட்டச் சொன்னார்: பல்பு பளிச். இரண்டாவது பின்னில் வைத்துத் திறக்கச் சொன்னார்: மங்கல். கோளாறு அந்த இரண்டாவது வயரில். மோட்டார் மாட்டியிருக்கும்போது எந்தத் திசையில் கரன்ட் போனாலும் இரண்டு வயர் வழியாகவும்தான் போய்த் திரும்ப வேண்டும். அதனால் ஒன்று கெட்டால் பூட்டவும் பலமிருக்காது, திறக்கவும் பலமிருக்காது. மாட்யூலின் மேல் பழி போடும் முன் இந்த ஒரு சோதனையைச் செய்திருந்தால் போதும்.

அந்த வயரைப் பிடித்துக்கொண்டே போனார். வலது டெயில் லேம்புக்குக் கீழே, லைனிங் மறைவில், வழியில் இணையும் ஒரு கப்ளர். அதைத் திறந்ததும் ஒரு பின் முழுக்கப் பச்சைக் களிம்பு. டெயில் லேம்பைச் சுற்றியுள்ள ரப்பர் கேஸ்கெட் இறுகி வெடித்திருந்தது. மழைத் தண்ணீர் அதன் வழியே இறங்கி நேரே கப்ளரின் மேல் சொட்டியிருக்கிறது. கப்ளருக்கு முன்னால், மாட்யூல் பக்கத்தில் லேம்பை வைத்தபோது பளிச்சென்று எரிந்தது. தாண்டி வைத்தால் மங்கல். அதோடு விஷயம் உறுதியானது. புது ஆக்சுவேட்டர் கொஞ்ச நாள் ஓடியது ஏன் என்றும் கேட்டேன். மாட்டும்போது வயரை அசைத்ததில் களிம்பு சற்று விலகிக் கான்டாக்ட் கிடைத்திருக்கும் என்றார். ஸ்கேனரில் கோடு வராததற்கும் காரணம் எளிது: என் காரில் மாட்யூல் இந்த மோட்டாருக்குக் கரன்ட் அனுப்புவதோடு சரி, பின் அசைந்ததா என்று திரும்பிப் பார்க்க அங்கே சென்சார் எதுவும் இல்லை.

சரிசெய்த முறையும் சுத்தம். வெட்டி ஒட்டும் வேலைக்கு முன் பேட்டரி நெகட்டிவைக் கழற்றினார். பெட்ரோல் ஊற்றும் குழாய்க்கு அருகில் என்பதால், உள்மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று தானே கை வைத்துப் பார்த்தார். சால்டரிங் அயர்னை அந்தப் பக்கமே கொண்டுவரவில்லை. கெட்ட பின்னை எடுத்துப் புதுப் பின்னை வயரோடு அழுத்திக் கிரிம்ப் செய்தார், மறுபக்கத்தை கான்டாக்ட் கிளீனரால் கழுவினார், ஈரம் ஏறாமலிருக்க கிரீஸ் வைத்தார். தம்பி ஜி.பி. ரோடு போய் டெயில் லேம்ப் கேஸ்கெட் வாங்கி வந்தான். பெட்ரோல் மூடிக்கு உள்ளே இருக்கும் கிண்ணத்தில் தண்ணீர் வடியும் துளை மண்ணால் அடைத்திருந்தது. கேட்காமலேயே அதையும் குத்தி எடுத்துவிட்டார். கடைசியில் பல்பை மாட்டி, மீட்டரில் மேக்ஸ் (வந்த வோல்ட்டில் அதிகபட்சத்தைப் பிடித்துக் காட்டும் வசதி) வைத்து அளந்து காட்டினார், பேட்டரியில் இருப்பதற்கும் கப்ளரில் வருவதற்கும் சொற்ப வித்தியாசம்தான். அதன்பிறகு கொட்டிய மழையில் எல்லாம் மூடி தடையில்லாமல் திறக்கிறது.

மொத்த பில் 1,250 ரூபாய். அதில் 900 கோளாறு பார்த்த கூலி, மீதி கேஸ்கெட்டும் பின்னும். கூலியைக் குறைக்கச் சொல்லி யாராவது பேரம் பேசினால் எனக்கு வருத்தமாக இருக்கும். ஒரு சின்னப் பின்னை மாற்றியதற்கு 900-ஆ என்று கேட்பவர்கள், அந்தப் பின்னைக் கண்டுபிடிக்க முடியாதவர்கள் கேட்ட தொகையையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

குறைகளும் உண்டு. சந்தில் ஒரு கார் நின்றால் இன்னொன்று நுழைய முடியாது. உட்கார இரண்டு ஸ்டூல், அதுவும் காலியாக இருந்தால். பில் கையால் எழுதியதுதான், கம்பெனிக் கணக்கில் காட்ட வேண்டியவர்களுக்குச் சிரமம். வேலை செய்யும்போது பாய் போனை எடுப்பதில்லை. ஏர்பேக் வயரிங்கை அவர் தொடமாட்டார். மஞ்சள் கப்ளர் என்றாலே அதற்கென்று கருவி உள்ள இடத்துக்குப் போகச் சொல்லி அனுப்பிவிடுகிறார். அதை நான் குறையில் சேர்க்கவில்லை.

காலையில் கடை திறந்ததும் போனால் வண்டி நிறுத்த இடம் கிடைக்கும். வெள்ளிக்கிழமை மதியம் தொழுகை நேரத்தில் கடை மூடியிருக்கும். ஏற்கெனவே வேறு எங்காவது வேலை பார்த்திருந்தால் அந்தப் பில்லையும், கழற்றிய பழைய பார்ட்டையும் கையோடு எடுத்துப் போங்கள்.