69 கமாரோ இசட் 28 என்று நம்பி ஏமாந்தேன், வாங்கும் முன் இதைப் படியுங்கள்

அமெரிக்காவில் பழைய மசில் கார் (பெரிய எஞ்சின் போட்ட வேகமான அமெரிக்கக் கார்) வாங்கும் யோசனையில் இருப்பவர்கள் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். போன வருஷம் ஒஹையோவில் ஒரு டீலரிடம் 1969 செவர்லே கமாரோ வாங்கினேன். "அசல் இசட் 28, நம்பர் மேட்சிங்" என்றார். இசட் 28 என்பது பந்தயத்துக்காக வந்த கமாரோ ரகம்; நம்பர் மேட்சிங் என்றால் ஆலையில் அந்தக் காரில் பொருத்திய அதே எஞ்சின். 58,000 டாலர் கொடுத்தேன். வந்தது இசட் 28 வேஷம் போட்ட சாதாரண வி8 (எட்டு சிலிண்டர்) கமாரோ.

இசட் 28-க்கு இவ்வளவு விலை இருப்பதே அதன் எஞ்சினால்தான். டிரான்ஸ் ஆம் என்ற அமெரிக்கக் கார் பந்தயத்தில் எஞ்சின் 5 லிட்டரைத் தாண்டக் கூடாது. அதற்காகவே செவர்லே 302 கன அங்குல எஞ்சினைக் கொண்டுவந்தது. போர் (சிலிண்டரின் விட்டம்) 4 அங்குலம், ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்) 3 அங்குலம். காகிதத்தில் 290 குதிரைத்திறன்தான், ஆனால் 7,000 ஆர்பிஎம் வரை தயங்காமல் ஏறும். கியர் நான்கு, மேனுவல் மட்டும். ஏசி கிடையாது.

ஏமாற்றுக்காரர்களுக்கு வசதியாக இருப்பதும் இதே எஞ்சின்தான். சாதாரண கமாரோவில் வரும் 350 கன அங்குல எஞ்சினுக்கும் போர் அதே 4 அங்குலம், ஸ்ட்ரோக் மட்டும் 3.48. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. பானெட் மேல் ஓடும் அகலக் கோடுகள், பேட்ஜ், 15 அங்குல ரேலி வீல் எல்லாமே புதிதாக வாங்கி மாட்டிவிடலாம்.

டாஷ்போர்டில் இருந்த வின் நம்பரை (காரின் அடையாள எண்) காட்டி "பாருங்கள், 12437, அசல்" என்றார் டீலர். 124 என்றால் வி8 கமாரோ, 37 என்றால் இரண்டு கதவு கூப்பே. அடுத்து வரும் 9 என்றால் 1969, அதற்கடுத்த 'என்' (N) என்ற எழுத்து சின்சினாட்டி பக்கத்து நார்வுட் ஆலையைக் குறிக்கும். அவ்வளவுதான். 69 கமாரோவின் வின் நம்பரில் இசட் 28 என்ற தகவலே இருக்காது! இது தெரிந்திருந்தால் அன்றே திரும்பி வந்திருப்பேன்.

ஃபயர்வாலில் (எஞ்சினுக்கும் உட்காரும் பகுதிக்கும் நடுவே உள்ள தடுப்பு) இருந்த தகட்டில் எக்ஸ் 11 என்று இருந்தது. "அபூர்வமான ஸ்பெஷல் எடிஷன் கோடு" என்று சொல்லிவிட்டார். நார்வுட்டில் 1968 டிசம்பர் வாக்கிலிருந்து இந்த எக்ஸ் கோடு போட்டார்கள். இசட் 28 என்றால் எக்ஸ் 33 அல்லது எக்ஸ் 77 இருக்க வேண்டும். அதே தகட்டில் என் காருக்கு இருந்த தேதி 04பி, அதாவது ஏப்ரல் இரண்டாம் வாரம் கட்டியது. எக்ஸ் 11 இருந்தாலே அது இசட் 28 இல்லை.

சத்தமும் சரியில்லை. 302-இல் வால்வுகளை இயக்குவது சாலிட் லிஃப்டர் என்ற பாகம், அதனால் ஐடிலில் தையல் மெஷின் ஓடுவது போல டிக் டிக் என்று கேட்கும். என் கார் அமைதியாக ஓடியது. நன்றாக ட்யூன் செய்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஹெட் கேஸ்கெட் ஒழுகியதால் மெக்கானிக்கிடம் விட்டேன். பயணி பக்கம், எஞ்சினின் முன்புறம், ஆல்டர்னேட்டருக்குப் பின்னால் ஒரு சின்ன சமதளம் உண்டு. அங்கேதான் எஞ்சின் கோடு அடித்திருக்கும்; வின் நம்பரின் பகுதி அங்கேயோ ஆயில் ஃபில்டர் பக்கத்திலோ இருக்கும். அவர் துணியால் துடைத்து டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தார். ஆலையில் வெட்டிய தளத்தில் முன்னிருந்து பின்னாக மெல்லிய நேர்க்கோடுகள் தெரிய வேண்டுமாம். எனக்குத் தெரிந்தது உப்புத்தாள் தேய்த்த வட்ட வட்டத் தடங்கள். அதன் மேல் டி இசட் என்ற 302-இன் கோடு, எழுத்து ஒன்று மேலேயும் ஒன்று கீழேயுமாக. எஞ்சின் பிளாக்கின் பின்பக்கம் இருந்த வார்ப்புத் தேதி (பிளாக்கை வார்த்த நாள்) எஃப் 12 9. எஃப் என்றால் ஜூன், 9 என்றால் 69 அல்லது 79. ஏப்ரலில் கட்டிய காருக்குள் ஜூனில் வார்த்த எஞ்சின் எப்படி வரும்? ஹெட்டைக் கழற்றி ஸ்ட்ரோக்கை அளந்தார். கிட்டத்தட்ட மூன்றரை அங்குலம், அதாவது 350 எஞ்சின்.

அப்புறம் டீலரிடம் பேசினேன். விளம்பரத்தில் இசட் 28 என்று போட்டவர், விற்பனைப் பத்திரத்தில் "1969 கமாரோ, உள்ளது உள்ளபடி" என்று மட்டும் எழுதியிருந்தார். நான் கையெழுத்துப் போட்டது அதில்தான். பணம் திரும்ப வரவில்லை. நீங்கள் வாங்கினால் இசட் 28 என்ற வார்த்தையும் எஞ்சின் நம்பரும் பத்திரத்திலேயே இருக்கும்படி எழுதி வாங்குங்கள், மறுத்தால் கிளம்பிவிடுங்கள். செவர்லேயின் தாய் நிறுவனமான ஜிஎம்மிடம் கேட்டுக்கொள்ளலாம் என்றும் இருக்காதீர்கள். கனடாவில் விற்ற கார்களுக்கு அங்கே பதிவு கிடைக்கும், அமெரிக்காவில் விற்ற 69 கமாரோவுக்கு அப்படி ஒன்று இல்லை. பணம் கொடுக்கும் முன் கமாரோ தெரிந்த ஒருவரை அழைத்துப்போய் அந்தச் சமதளத்தையும் வார்ப்புத் தேதியையும் பார்த்துவிடுங்கள்.

கிரில்லிலும் பக்கத்திலும் இருந்த பேட்ஜுகளைக் கழற்றிவிட்டேன். விற்கும் நாள் வந்தால் 350 எஞ்சின் போட்ட கமாரோ என்றுதான் எழுதி விற்பேன்.